மண்டிக்காரர் தந்த டைரி

டிசம்பர் முப்பத்தொண்ணு, ராத்திரி எட்டரை.
பம்மத்தில் மேம்பாலத்துக்கு அடியில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.
தலைக்கு மேலே களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
கண்ணாடி பாட்டிலில்
சர்க்கரைவரட்டி மெல்லக் குலுங்குகிறது.

வாழைக்குலை மண்டிக்காரர் டைரி தந்திருக்கிறார்.
அட்டையில் தங்க எழுத்தில் என் கடைப்பேர்.
'விஜிலா சிப்ஸ்' அச்சில்
'விஜிலா சிப்' ஆகிவிட்டது.
ஒரே ஒரு துண்டு.

முதல் பக்கத்துக்குத் தலைப்பு: கடை.
பேனா தானாக ஓடுகிறது.
ஓணத்துக்கு நானூறு கிலோ. போன வருடம் இருநூற்று எழுபது.
ஈஸ்டருக்கு முன்னால் ரெண்டாவது உருளி, ரெண்டாவது அடுப்பு.
கூட்டுறவு பாங்கில் மிச்சம் நாற்பத்திரெண்டாயிரம்,
ஜூலையோடு தலைமுழுகிவிட வேண்டும்.
தேங்காயெண்ணெய் என்ன விலை ஏறினாலும்
பாமாயில் கலக்கமாட்டேன்.
இதற்கு மட்டும் அடிக்கோடு.
போன ஆகஸ்டில் ஒரு வாரம்
அந்தத் தகர டின்னை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று
எனக்கும் டின்னுக்கும்தான் தெரியும்.
புது உருளிக்கு ஆள்: சுஜின்.

ரெண்டாம் பக்கத்துக்குத் தலைப்பு: நான்.
பேனாவை வைத்துவிட்டுப் பென்சில் எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
மதியச் சோறு உட்கார்ந்து தின்ன வேண்டும்.
கடைக்குக் கிலோ இருக்கிறது, ரூபாய் இருக்கிறது,
இதற்கு எந்த அளவு?
வாரத்துக்கு நாலு தடவை என்று போட்டேன்.
தேங்காப்பட்டணம் கடல். பக்கத்தில்தான்,
போய் ஆறு வருடம்.
அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.
பென்சில் முனையைச் சீவினேன்.
கூர் இருந்தது, ஆனாலும் சீவினேன்.

சுஜின் உருளியைக் கழுவிவிட்டு
சாரத்தில் கை துடைத்துக்கொண்டு வந்தான்.
ஒன்பது வருடமாக என் எண்ணெய்க்குக் காவல்.
சீவல் விழுந்த இரைச்சல் அடங்கும் நேரம் பார்த்து
உப்புத் தண்ணீர் விடுவான்.
கடிகாரம் பார்த்ததே இல்லை.
டைரியை எட்டிப் பார்த்தான்.
பாலத்தில் மூன்று லாரிகள் போயின.
"யக்கா, அந்த உருளிக்க நேரே
எம் பேர வெட்டிருங்க.
விசா வந்தாச்சு. பஹ்ரைனு. மார்ச்சுல போணும்."

அவனுக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது,
சட்டைப்பையில், கரண்டு பில்லின் பின்பக்கம்.
தங்கச்சிக்க நர்சிங் பீஸ்.
வீட்டுக்கு வார்ப்பு.
மூன்றாவதை என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தான்:
சொந்தமாக ஒரு கடை.
"என்ன கடைடே?"
"சிப்ஸ் இல்லேக்கா"
என்றான், சத்தியம் செய்வது மாதிரி.

சிரிப்பு வந்தது. ஆனால்
கோபம்தான் முதலில் வந்தது.
"ஓணத்துக்கு முன்னேயே சொல்லியிருக்கலாமே மக்கா."
"சொன்னா உங்களுக்கு வேல ஓடியிருக்காது."

நானூறை அடித்து முன்னூறு ஆக்கினேன்.
அதையும் அடித்து முன்னூற்று இருபது.
மார்ச் வரைக்கும் நாள் இருக்கிறது,
எனக்கும் காது இருக்கிறது,
எண்ணெய் பேசுவதைப் படித்துக்கொள்ள முடியாதா?
அவன் பேரை வெட்டினேன்.
கோட்டுக்கு அடியில் பேர் தெரியத்தான் செய்தது.
பக்கத்தைப் புரட்டி
சோற்றுக்கும் கடலுக்கும் கீழே
பேனாவால் எழுதினேன்:
சுஜினோடு திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை.
அன்றைக்குக் கடை லீவு.

"லீவா?" என்றான்,
வேறு யாரோ எழுதியதைப் படித்தவன் போல.

பதினொன்றரைக்கு ஆராதனை.
வாக்குத்தத்த அட்டை தருவார்கள்,
போன வருடத்து அட்டை கல்லாவுக்குள்
எண்ணெய் குடித்துக் கண்ணாடி ஆகிவிட்டது,
ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம்.
அதற்குள் குளிக்க வேண்டும்.
முடியில் ஏறிய வாடை எப்படியும் போகாது.

ஷட்டரின் மறுபாதியை இறக்கிக்கொண்டே கேட்கிறான்:
"மத்தநாளுக்கு எத்தன குல உரிக்கணும்?"
நாலு என்றேன்.
பிறகு, ஐந்து.